டீக்கனை நான் ஏன் ஏலத்தில் எடுத்தேன்

ஓட்டர் பெண்ட், நெப்ராஸ்கா
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்

அரிசோனா வெயிலைத் தானே தேடிப்போய்க் குடியேறிய என் அன்பு மூத்த சகோதரி டார்லீன் அக்காவுக்கு, தம்பி எல்டன் ஸ்வோபோடா பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் பழைய பிக்கப் வண்டியும் நலம். இருவருக்கும் காலையில் கிளம்புவதில்தான் கொஞ்சம் சிரமம். அங்கே நீயும் அத்தானும், அத்தானுக்குப் புதிதாக வைத்த இடுப்பு மூட்டும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மழை போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெய்தால் அதிகம் என்பார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் நலம் விசாரிப்பதற்கு முன்பே "ஓய்வு பெறும் ஒரு பெண்மணியிடமிருந்து நாயைப் பறித்தவனே" என்று ஆரம்பித்திருந்தாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை, தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் அம்மாளிடம் மட்டும்தான் உன் புது போன் எண் இருக்கிறது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை அக்கா. நாயை நான்தான் எடுத்தேன், ஊர் முழுக்கப் பார்க்க எடுத்தேன். ஆனால் அது எப்படி நடந்தது என்பதைக் கேட்ட பிறகு நீ என்னைத் திட்டு. என் புத்திக்கு எட்டாத ஒன்றைக் கண்டால் அதைக் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன் தையல் இயந்திரத்தை நான் கழற்றியதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் பள்ளியில், வாஷிங்டனிலிருந்து மத்திய அரசு அனுப்பும் பணத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் வீடு விற்கும் தொழிலுக்குப் போவதாகச் சொல்லி ஒமாஹாவுக்குக் கிளம்பிவிட்டாள். தலைமையாசிரியர் கர்ட் நீமன் நான் பாடம் நடத்தும் மரப்பட்டறைக்கு வந்து, நான் ரம்பத்தை நிறுத்தும் வரை பொறுமையாக நின்று, "கோச், உங்களுக்கு மூணாவது பீரியட் சும்மாதானே இருக்கு" என்றான். அவனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் இன்னும் கோச்தான். சும்மாதான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த திங்களன்று என் பெயருக்குக் கீழே "மத்திய நிதித் திட்ட ஒருங்கிணைப்பாளர்" என்று போட்ட பலகை ஒன்று மரப்பட்டறைக் கதவில் தொங்கியது. பலகையை அறுத்து மெருகேற்றியதும் நான்தான், என்ன எழுதப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக வரும் பணம் அது. எங்கள் பள்ளியில் அது ஆசிரியை லவோன் பீட்டர்சனின் வாசிப்பு அறைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் ஒரு வெள்ளி நிற வில்லையை ஒட்டி, எண் போட்டு, அது இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். மேசை விளக்கு இருந்தது. தரைவிரிப்பு இருந்தது. புத்தக அலமாரி இருந்தது, கொஞ்சம் சாய்வாக, அதை நிமிர்த்தி வைத்தேன். அடுத்த எண் எங்கே என்று தேடினால் தரைவிரிப்பின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. டீக்கன் என்ற நாய். கழுத்துப்பட்டையில் வில்லை தொங்கியது. பிள்ளைகள் தப்புத்தப்பாக வாசித்தாலும் திருத்தாமல் கேட்பதற்காகவே பயிற்சி கொடுத்து, வாஷிங்டன் பணத்தில் வாங்கிய நாய் அது. நம் சபையில் போதகருக்கு உதவும் டீக்கன் பிரசங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாரே, அப்படிக் கேட்பதால் லவோன் வைத்த பெயர். "பொருள்: நாய். நிலை: நல்லது" என்று எனக்கு முன்னால் இருந்தவள் எழுதியிருந்தாள். மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் இருக்க நான் "நிலை: உறக்கம்" என்று திருத்தினேன்.

அந்த நொடியிலிருந்து அக்கா, எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. விளக்கு பழசானால் தூக்கிப்போடலாம், நாய் பழசானால் என்ன செய்வது. இதைத் தெரிந்தே ஆக வேண்டிய நேரமும் வந்தது. லவோன் கோடையில் ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு வரும் இளம் ஆசிரியை நேர்காணலுக்கு வந்த அன்றே டீக்கனைப் பார்த்துத் தும்ம ஆரம்பித்து, வேலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் வரை தும்மினாள். இரவில் டீக்கன் தூங்குவது பள்ளிக்கு எதிரே இருக்கும் கர்ட் வீட்டில். அவனுடைய குழந்தை தவழ ஆரம்பித்து நாயின் தண்ணீரைக் குடிப்பதால், கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடும் நாளோடு நாயும் போக வேண்டும் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள். ஆக, டீக்கன் உபரிப் பொருள் ஆயிற்று.

எங்கே போக வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை. லவோனோடு இத்தனை வருடம் இருந்த நாய். லவோனின் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட தோட்டம் வேறு. பெட்ரோல் பங்கில் காபி குடிக்கும் கிழவர்கள் முதல் போதகர் வரை எல்லோரும் டீக்கன் இனி லவோன் வீட்டில்தான் என்று பேசிக்கொண்டார்கள். "பாவம், அவங்களுக்கு அதை விட்டா யாரு இருக்கா" என்று சொல்லாத வாய் இல்லை. என் வாயும் சொன்னது. கர்ட்டும் அதைத்தான் விரும்பினான், ஆனால் அவனுக்குப் பயம். "கோச், வாஷிங்டன் பொருளை நாமளா தூக்கிக் குடுத்துட்டு, நாளைக்கு யாராச்சும் வந்து நாய் எங்கேன்னு கேட்டா, அந்தம்மா வீட்டுக்கே போய்ப் புடுங்கிட்டு வரச் சொல்வாங்க. எப்படி ஒழுங்கா குடுக்கிறதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி, கியர்னியில் நடந்த பயிற்சி மாநாட்டுக்கு என்னை அனுப்பினான்.

அந்த மாநாட்டைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் இதுவரை பார்த்த எந்தப் பண்ணைக் கண்காட்சியும் அத்தனை வினோதமாக இல்லை. ஒரு பெரிய ஹோட்டல் கூடம். மாநிலம் முழுக்க இருந்து, என்னைப் போல் மூன்றாவது பீரியட் சும்மா இருந்ததால் மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கழுத்தில் ஒரு அட்டை. அதற்குக் கீழே வண்ண வண்ணமாக ரிப்பன்கள், முதல் தடவை வந்தவருக்கு ஒன்று, பேச்சாளருக்கு ஒன்று, வருடா வருடம் வருபவருக்கு ஒன்று. ஒரு அம்மாளுக்கு ரிப்பன் இடுப்பு வரை தொங்கியது, பரிசு வாங்கிய பசுமாடு கெட்டது போ. முதல் வேலையாக, நீங்கள் ஒரு அலுவலகப் பொருளாக இருந்தால் என்னவாக இருப்பீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருந்த ஜானெல் என்ற பெண் தான் ஸ்டேப்ளர் என்றாள். நான் சுத்தியல் என்றேன். அது அலுவலகப் பொருள் இல்லை என்றாள். என் அலுவலகத்துக்கு வந்து பார் என்றேன்.

காபி கிடையாது. அதுதான் எனக்கு முதல் பாடம். வாஷிங்டன் பணத்தில் ஆசிரியர்களுக்குக் காபி வாங்கித் தரக் கூடாதாம், தந்தால் ஏன் தந்தோம் என்று காரணம் காட்ட வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் நம் ஆட்களைப் பட்டினி போட யாரால் முடியும். இடைவேளை வந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் காருக்குப் போய், வீட்டில் சுட்டுத் துண்டு போட்ட பார் இனிப்புகளைத் தட்டோடு எடுத்து வந்து அடுக்கினார்கள். ருபார்ப் பார், பூசணிப் பார், கடலை வெண்ணெய்ப் பார், ஒவ்வொரு தட்டின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர். காபி வாங்க விதி இல்லாத கூட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆகும் தீனி இருந்தது. பயிற்சி கொடுக்க வந்த ரோண்டா கேஸ்பர் என்ற அம்மாளே ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார். எலுமிச்சை. நன்றாக இருந்தது.

ரோண்டா கெட்டிக்காரர். அரசு வாக்கியத்தை எல்லாம் உரித்து உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துக் கையில் தருவார். வாங்கிய பொருளைத் தேவை முடிந்ததும் எப்படி அகற்றுவது என்ற பாடம் வந்தபோது நான் கையைத் தூக்கினேன். பொருள் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கூடத்தில் பேனா ஓடும் சத்தம் நின்றது.

"உயிரோடன்னா?" என்றார்.

"நாய்" என்றேன்.

அதோடு அந்த மாநாடு நான் போன மாநாடாக இல்லாமல் போனது அக்கா. ஒருத்தர் பின்னால் இருந்து, நாய்க்குத் தேய்மானம் உண்டா என்று கேட்டார். குட்டியாக வாங்கி வளர்ந்துவிட்டால் மதிப்பு ஏறுமா இறங்குமா என்றார் இன்னொருவர். கால்நடை வைத்தியர் செலவு பராமரிப்பா மருத்துவமா என்று ரிப்பன் அம்மாள் கேட்டார். ஜானெல் மெதுவாக எழுந்து, தங்கள் பள்ளி அறிவியல் வகுப்புக்கு முட்டை பொரிக்கும் பெட்டி வாங்கியதாகவும், பெட்டிக்கு வில்லை இருக்கிறது, அதிலிருந்து வந்த கோழிகளுக்கு இல்லை, அவை இப்போது ஊர் முழுக்க இருக்கின்றன, இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று மாநாடாக வாயை மூடிக்கொண்டு வந்து போவதாகவும் ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் கைதட்டல் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். உலகத்தில் நான் மட்டும் இப்படி இல்லை, கழற்றிப் பார்க்கும் ஜாதி இன்னும் நிறைய இருக்கிறது.

ரோண்டா எல்லோரையும் பேசவிட்டு, பிறகு நிதானமாகச் சொன்னார். இவ்வளவு குறைந்த விலைப் பொருள் என்றால் உங்கள் பள்ளி வாரியத்தின் விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள் என்றார். எங்கள் வாரியத்தின் விதி எனக்குத் தெரியும், உபரி எல்லாம் பொது ஏலம். "அப்ப ஏலம் விடுங்க. ஆனா ஒண்ணு. உண்மையான ஏலமா இருக்கணும். ஒரே ஆள் கேட்டு ஒரே ஆள் எடுத்துட்டுப் போனா, அது ஏலம் இல்ல, நாடகம். அதைத்தான் முதல்ல நோண்டுவாங்க" என்றார். இதை நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மதியம் இன்னொரு பாடம் இருந்தது. அதற்கு நான் போகவில்லை. வராந்தாவில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று டீக்கனின் புகைப்படத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன், அவர்களும் தங்கள் நாய்களைக் காட்டினார்கள், பொழுது போய்விட்டது. எந்தப் பாடத்தைத் தவறவிட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏலம் ஒரு சனிக்கிழமை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பழைய மேசைகள், கிழிந்த மல்யுத்த மெத்தைகள், சோளப்பொரி இயந்திரம், கடைசியாக டீக்கன். மாடு ஏலம் விடும் டெல்மரைத்தான் அழைத்திருந்தோம். ஊர் முழுக்க வந்திருந்தது. மேசையை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, எல்லோரும் நாய்க்காகத்தான் வந்திருந்தார்கள், வாங்குவதற்கு அல்ல, வாங்காமல் இருப்பதற்கு. நம் தாத்தா காலத்தில் கடன்பட்டவனின் பண்ணையை வங்கிக்காரன் ஏலத்துக்கு விட்டால், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து நின்று, சொந்தக்காரன் சில்லறைக் காசுக்கு அதைத் திரும்ப எடுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார்களே, அந்த ரத்தம்தானே. யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. ஆனால் டெல்மர் டீக்கனை முன்னால் கொண்டுவந்ததும் அத்தனை கைகளும் பாக்கெட்டுக்குள் போயின. அடிக்கடி காதைச் சொறியும் ஒருத்தரின் கையை அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

டெல்மர் தன் ராகத்தை ஆரம்பித்தார். லவோன் முன் வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பில் இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு டாலர்" என்றார்.

பிறகு அமைதி. ஆராதனையில் கூட அப்படி ஒரு அமைதி வராது. டெல்மர் ஒரு தரம் சொன்னார். அங்கேதான் அக்கா, என் கெட்ட நேரம், என் உள்ளங்கையில் எழுதியது என் காதில் கேட்டது. ஒரே ஆள் கேட்டால் ஏலம் இல்லை, நாடகம். இப்படி விட்டால் நாளைக்கு எவனாவது வந்து விற்பனை செல்லாது என்பான், லவோனிடமிருந்து நாயைப் பிடுங்குவான். இன்னொரு குரல் வேண்டும். ஒரே ஒரு குரல், பெயருக்கு. நான் இரண்டு சொன்னால் அவர் மூன்று சொல்லப்போகிறார், நாயும் அவருக்கு, ஏலமும் உண்மை. எவ்வளவு கச்சிதமான யோசனை பார். கையைத் தூக்கி, "ரெண்டு" என்றேன்.

கூடமே திரும்பியது. லவோனும் திரும்பிப் பார்த்தார். மூன்று சொல்லுங்கள் என்று நான் புருவத்தால் சொன்னேன். அவர் சிரித்தார். "ஐயோ, உங்களுக்கு வேணுமா கோச்? தாராளமா எடுத்துக்குங்க."

நான் இல்லை இல்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பரவாயில்லை, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் அதெல்லாம் கூடாது என்றேன். அவர் மனசாரத்தான் சொல்கிறேன் என்றார். நம் ஊரில் தட்டில் கடைசித் துண்டு கேக் மிஞ்சினால் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும், பூஞ்சை பிடித்தாலும் யாரும் எடுக்க மாட்டோம். நாங்கள் இரண்டு பேரும் உபசாரத்தில் இறங்கினோம், விட்டால் இன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்போம். ஆனால் டெல்மருக்கு உபசாரம் தெரியாது, கடைசியாகச் சொன்ன தொகை மட்டும்தான் தெரியும். சுத்தியலை அடித்துவிட்டார். டீக்கன் எனக்கு.

யாரும் திட்டவில்லை அக்கா. நம் ஆட்கள் திட்டினால் நான் பிழைத்திருப்பேன். மெத்தையையும் மேசையையும் எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள். அடுத்த நாள் நான் வண்டியில் போகும்போது எதிரே வந்த முதல் வண்டிக்கு வழக்கம் போல் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன். பதிலுக்கு விரல் எழவில்லை. அடுத்த வண்டியும் தூக்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து இந்தச் சாலையில் எனக்கு விரல் தூக்காத வண்டி கிடையாது, வெளியூர் வண்டியைத் தவிர. இரும்புக் கடையில் ஆணிக்குச் சில்லறை கொடுத்தார்கள், மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது. உனக்கு போன் வந்தது அந்த வாரம்தான்.

நாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீ கேட்டிருந்தாய். கொண்டுபோனேன். லவோன் வீட்டில் இல்லை, வாசலில் விட்டுவிட்டு வர மனசில்லை. மறுபடி போனேன். கதவைத் திறந்தவர், "ச்சேச்சே, நீங்க ஆசைப்பட்டு எடுத்தது" என்று சொல்லி என் கையில் ஒரு தட்டு பூசணிப் பாரையும் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டார். அந்த நல்ல மனசைப் பார்த்து எனக்கு இன்னும் கூசியது. ஆக டீக்கன் என் வீட்டில் தங்கினான். நான் செய்தித்தாளைக் கையில் எடுத்தால் போதும், எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். முதலில் வேடிக்கையாக ஒரு வரி வாசித்தேன். பிறகு ஒரு பத்தி. பிறகு தினமும் சந்தை நிலவரம், மரண அறிவிப்பு, டிராக்டர் விளம்பரம் என்று எதையும் விடவில்லை. என் வீட்டுக்காரி மேவிஸ் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை அக்கா. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. எந்த வார்த்தைக்கு அவன் காது அசைகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பன்றி விலைக்கு அசைகிறது, சோயா விலைக்கு அசைவதில்லை. ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு நாள் வாசிக்க வேறு எதுவும் இல்லாமல் மாநாட்டில் கொடுத்த கனத்த கோப்பை எடுத்து அவனுக்கு வாசித்தேன். நான் மட்டம் போட்ட மதியப் பாடம் அதில் இருந்தது. வாஷிங்டன் பணத்துப் பொருளை நிர்வகிக்கும் ஊழியர், அந்தப் பொருளைத் தானே வாங்கக் கூடாது. எந்த நிலையிலும், எந்த விலைக்கும். நான் அந்த வரியை அவனுக்கு இரண்டு தடவை வாசித்தேன். ஊர் செய்தது நாடகம் என்று பயந்து கையைத் தூக்கியவன், நாடகத்தை விடப் பெரிய குற்றத்தை அந்தக் கையாலேயே செய்திருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தபோது எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நான் வாங்கியது செல்லாது என்றால் விற்பனையே செல்லாது. விற்பனை செல்லாது என்றால் மறு ஏலம். மறு ஏலம் என்றால் லவோன். நேரே கர்ட்டிடம் போனேன்.

"என் மேல ஒரு புகார் குடுக்கணும்" என்றேன்.

"யார்கிட்ட கோச்?"

"என்கிட்டதான். திட்டத்துக்கு நான்தானே பொறுப்பு."

அவன் தலையில் அடித்துக்கொண்டு வாரியத்தைக் கூட்டினான். வாரியம் முன்னால் நின்று நான் என்ன தவறு செய்தேன் என்று விளக்கினேன். அவர்கள் விற்பனையை ரத்து செய்தார்கள். டீக்கனைக் கொண்டுபோய் வாரியத்திடம் ஒப்படைத்தேன். அன்று மாலை செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

மறு ஏலம் நேற்றுதான் நடந்தது. நான் உள்ளே போகவில்லை, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வெளியே என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். போதகர் இரண்டு டாலர் கேட்பது, லவோன் மூன்று சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாமா என்று கர்ட் கேட்டான், கூடாது, அதுதான் நாடகம் என்று நான் தடுத்துவிட்டேன். உள்ளே டெல்மரின் ராகம், லவோனின் ஒற்றைக் குரல், பிறகு அமைதி, பிறகு சுத்தியல். அதன் பிறகு வந்ததே ஒரு கைதட்டல், கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. இந்தத் தடவையும் கேட்டது ஒரே ஆள்தான், ஆனால் அறிவிப்பு ஒட்டி, ஊரையே அழைத்து, கதவைத் திறந்து வைத்து விட்ட ஏலம், இதற்கு மேல் எவன் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் தயார். லவோன் டீக்கனை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார், ஊரே பின்னால் வந்தது, இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பும் வழியில் எதிரே வந்த அத்தனை வண்டியிலும் ஸ்டியரிங்கிலிருந்து விரல் எழும்பியது. எனக்கும் கண் கலங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, நான் நாய்த் திருடன் இல்லை. ஒரு பெண்மணிக்குச் சேர வேண்டியது அவருக்கு ஒழுங்காகச் சேர வேண்டும் என்று பாடுபட்டவன். உன் பியானோக்காரச் சிநேகிதியிடம் இதை அப்படியே சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், புது இடுப்பை வளைத்துக் கோல்ஃப் ஆட வேண்டாம் என்று சொல்லவும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டின் மேல் தம் கிருபையையும், முடிந்தால் கொஞ்சம் நிழலையும் வைப்பாராக.

என்றும் உன் தம்பி,
எல்டன்

பின்குறிப்பு: உறையை நாக்கால் நனைக்கப் போகும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. லவோன். காருக்குப் பின்னால், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள ஒரு கேம்பர் வண்டி மாட்டியிருந்தது. முன் சீட்டில் அவருடைய தங்கை மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு இருந்தார், பின் சீட்டில் டீக்கன். இரண்டு சகோதரிகளும் அலாஸ்கா வரை போகிறார்களாம், எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம். கணவர் இருக்கும்போதிலிருந்தே ஆசையாம். டீக்கனைக் கீழே இறக்கிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நான் ஒன்றும் புரியாமல், உங்களுக்கு இவனைப் பிடிக்கும்தானே என்று கேட்டேன்.

"பிடிக்கும்தான் கோச். கூட வேலை பார்த்தவங்களைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும். கூட வேலை பார்த்தவங்களை யாராச்சும் ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்குவாங்களா?" என்றார். "நீங்க ரெண்டுன்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. அதை நீங்களே போய் ரத்து பண்ணிட்டு வந்தீங்க."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "யாரும் கேக்கலையே" என்றார். யோசித்துப் பார்த்தேன் அக்கா. கியர்னியில் ஒரு கூடம் நிறைய ஆட்களிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், ஒரு தெரு தள்ளி இருக்கும் லவோனிடம் உங்களுக்கு நாய் வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊரில் யாருமே கேட்கவில்லை.

வாஷிங்டன் பொருளை நான் வாங்கக் கூடாது என்று இழுத்தேன். இப்போது அது வாஷிங்டன் பொருள் இல்லை, என் பொருள், நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன் என்றார். அதற்கு என் கோப்பில் பதில் இல்லை. காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "ஊர்ல யாருக்கும் சொல்லிடாதீங்க கோச். ஊரே கையைக் கட்டிக்கிட்டு நின்னு எனக்கு வாங்கிக் குடுத்துச்சு. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும்" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நாளை காலை டீக்கனைக் கூட்டிக்கொண்டு பெரிய வீதி வழியாக நடக்கப்போகிறேன். ஊர் பார்க்கும். உனக்கு மறுபடி போன் வரும், இந்தத் தடவை முன்னைவிடக் கோபமாக வரும். மேலே நான் எழுதியது எதையும் சொல்லாதே அக்கா. ஆமாம், என் தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படிப்பட்டவன்தான் என்று சொல்லிவிடு.